தொலைநோக்கி இல்லாத பாடசாலையில் வானத்தைப் படிப்பிப்பது

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் தரம் 8, 9 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "நட்சத்திரங்களை எங்கிருந்து தொடங்கி அறிமுகப்படுத்துவது? எங்களிடம் தொலைநோக்கி இல்லை. வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம். பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்கிறார்கள், அதில் ஒரு தொலைநோக்கி வாங்கிவிட்டுத் தொடங்கலாமா?" டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். கருவி கைக்கு வரும்வரை இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடலாமா என்றுதான் நீங்கள் கேட்பதாக எனக்குப் படுகிறது. தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பாடசாலை முற்றத்திலிருந்து எதிரே தெரியும் மலை விளிம்பு ஒன்றே முதல் வருடத்துக்குப் போதுமான கருவி. அது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் வானியலாளன் அல்ல. ஹட்டன் பகுதியில் 27 வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வானம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நின்றதெல்லாம் மலையகத்தின் மேற்குச் சரிவில்தான். ஊவாப் பக்கத்து அனுபவம், அங்கே படிப்பித்த நண்பர்கள் சொல்லக் கேட்டது.

மழையைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அப்போது வானியல் வகுப்பு வைத்தால் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மனம் சோர்ந்துவிடும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நமது காலம். நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் அந்த இரவுகளில் வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கதை நேர்மாறு: நாம் நனைந்துகொண்டிருக்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அவர்களுக்கு வறண்ட காற்று. ஆகவே நம் பிள்ளைகள் ஓரியன் எனப்படும் வேடன் நட்சத்திரக் கூட்டத்தையும், அவர்கள் விருச்சிகத்தையும் பால்வீதியின் நடுப்பகுதியையும் முதலில் பார்ப்பது இயல்பு. எந்தப் பாடசாலையும் தனக்குத் தெளிந்த மாதத்தில் எந்த வானம் தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கட்டும். புத்தகத்தின் வரிசை அதற்குப் பிறகு வரலாம்.

புத்தகங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நட்சத்திர அறிமுக நூல்களில் அநேகமானவை வடக்கே வெகுதூரத்தில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டவை. துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓர் ஊரின் அகலக்கோடு எத்தனை பாகையோ, துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். நாம் இருப்பது ஏறக்குறைய 7 பாகை வடக்கில். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அந்த முட்டி அளவுக்குக்கூட அது எழும்பாது. வடக்கே மலை இருக்கும் தோட்டத்தில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. முதல் நாளே அதைத் தேட வைத்து, கிடைக்காமல் பிள்ளைகள் வாடிப்போனதை நான் என் வகுப்பிலேயே பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பாடத்தை அப்படி ஆரம்பித்ததில்லை.

நமக்கென்று உள்ள நட்சத்திரம் திருவாதிரை. ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள். வேடனின் தோளில் செந்நிறமாக இருக்கும். வான நடுக்கோட்டிலிருந்து, அதாவது புவியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் இருப்பதாக நினைக்கும் கோட்டிலிருந்து, வடக்கே சுமார் 7.4 பாகையில் அது இருப்பதால், 7 பாகை அகலக்கோட்டில் நிற்கும் நமக்கு ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலாகவே கடந்து போகிறது. பிசகு அரைப் பாகைதான், முழுநிலவின் அகலம் அவ்வளவு. பெப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணிக்கும், மார்ச் தொடக்கத்தில் 7 மணிக்கும் அது உச்சிக்கு வரும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி நெட்டாங்காகத் தொங்கவிட்டு, அதன் கீழே சாக்கு விரித்துப் பிள்ளையைப் படுக்கச் சொல்லுங்கள். கயிற்றின் வழியே கண் மேலே போய் அந்தச் செம்புள்ளியில் முட்டும்போது பிள்ளைக்கு வரும் சந்தோஷத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இலண்டனில் இருப்பவருக்கு இது ஒருநாளும் கிடைக்காது.

இப்போது மலை விளிம்புக்கு வருகிறேன். ஒரு வகுப்புக்கு வானியலில் ஒரே ஒரு வேலைதான் செய்யலாம் என்றால் இதைத்தான் செய்வேன். முற்றத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து சுண்ணாம்பால் பாத அடையாளம் போடுங்கள். பிள்ளை அதில் நின்று, முதுகைத் தூணில் சாய்த்துக்கொண்டு, கிழக்கே தூரத்து மலை விளிம்பில் தனியே நிற்கும் ஒரு மரத்தைக் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மரத்தடியில் ஒரு பிரகாசமான நட்சத்திரம் வெளிப்படும் நேரத்தை நிமிடம், செக்கனோடு எழுதட்டும். மறுநாள் அதே இடம், அதே மரம், அதே நட்சத்திரம். சுமார் 4 நிமிடம் முந்தி வந்திருக்கும். சரியாகச் சொன்னால் 3 நிமிடம் 56 செக்கன். குறி தூரத்தில் இருப்பது முக்கியம். பக்கத்து வகுப்பறைக் கூரையைக் குறியாக வைத்தால் தலை ஒரு சாண் அசைந்தாலே கணக்குக் கெட்டுவிடும். மேகத்தில் இரண்டு நாள் தப்பினாலும் பரவாயில்லை, மூன்றாம் நாள் 12 நிமிடம் முந்தியிருக்கும்.

ஏன் 4 நிமிடம் என்பதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் வாதாடட்டும். புவி சூரியனைச் சுற்றிவர 365 நாள் எடுக்கிறது, சுற்று 360 பாகை, ஆகவே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு பாகை. புவி தன்னைத்தானே சுற்றும் வேகம் மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்த இரண்டு கணக்கும் தரம் 8 பிள்ளையின் கைக்குள் அடங்கும். புவி சூரியனைச் சுற்றுகிறது என்று புத்தகத்தில் ஒரு வரியாக வாசித்த பிள்ளை, தன் தோட்டத்து மரத்தையும் ஒரு கைக்கடிகாரத்தையும் வைத்து அதைத் தானே அளந்துவிடுகிறது. மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம், வருடத்துக்கு ஒரு முழுச் சுற்று என்று அதுவே கணக்கை நீட்டிக்கொள்ளும். திருவாதிரை பெப்ரவரியில் 9 மணிக்கும் மார்ச்சில் 7 மணிக்கும் உச்சிக்கு வருவதன் காரணமும் அதுவே. அடுத்த மாதம் இன்ன திகதி இன்ன நேரம் வரும் என்று எழுதி வைத்து, அந்த நாளில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு நட்சத்திரம் வந்து நிற்கும்போது பிள்ளைக்கு விஞ்ஞானத்தின் மேல் வரும் நம்பிக்கையை எந்தப் பரீட்சைப் புள்ளியும் தராது.

என் வகுப்பில் ஒரு பையனுக்குக் கணக்கு ஒத்துவரவே இல்லை. பத்து நாளில் 40 நிமிடம் முந்த வேண்டியது 45 நிமிடம் முந்தியிருந்தது. மற்றப் பிள்ளைகள் அவன் கடிகாரத்தைக் குறை சொன்னார்கள். நான் போய் நின்று பார்த்தேன். அவன் குறித்து வந்தது வியாழன் கிரகம். அது நட்சத்திரங்களுக்கிடையே தானும் நகர்ந்துகொண்டிருந்ததால்தான் அந்த 5 நிமிடம். நம் முன்னோர் நாள்மீன், கோள்மீன் என்று இரண்டாகப் பிரித்துப் பேர் வைத்தது எதனால் என்பதை அன்று அந்த வகுப்பே புரிந்துகொண்டது. ஆகையால் கணக்குத் தப்பும் பிள்ளையை உடனே திருத்திவிடாதீர்கள், என்ன பார்த்தது என்று முதலில் கேளுங்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆறுமீன் என்ற கார்த்திகை, விடிவெள்ளி எல்லாம் பாட்டிமாருக்குத் தெரியும். மார்கழியில் கோயிலில் திருவெம்பாவை பாடி முடிக்கும் நாள் திருவாதிரை. அந்த மாதத்து முழுநிலவு வேடனுக்குப் பக்கத்தில் நிற்பதை அதே இரவில் காட்டலாம். மாசியில் காமன் கூத்துக்கு ஊரே விழித்திருக்கும் இரவுகள் நமது தெளிந்த வானத்தின் இரவுகளும்தான். மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவதிலிருந்து நிலவு வளர்வதைப் பிள்ளைகள் எப்படியும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதைக் கொப்பியில் வரையச் சொன்னால் போதும்.

"என் நட்சத்திரம் ரோகிணி, அது எங்கே சேர்?" என்று நிச்சயம் கேட்பார்கள். உங்களிடம் டீச்சர் என்று கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். பிறந்த நேரத்தில் நிலவு வானத்தின் எந்தப் பகுதியில் நின்றதோ அதுவே பிறந்த நட்சத்திரம். நிலவு வானத்தை ஒருமுறை சுற்ற 27.3 நாள் எடுப்பதால் பாதையை 27 ஆகப் பிரித்தார்கள். ஒரு நாளைக்கு நிலவு சுமார் 13 பாகை, அதாவது கைமுட்டி ஒன்றேகால் அளவு, கிழக்கே நகரும். இன்று ரோகிணிக்குப் பக்கத்தில் நின்ற நிலவு நாளை எங்கே என்று முட்டியால் அளக்கலாம். இவ்வளவும் வானியல், ஐயமே இல்லை. அந்த நிலை ஒருவரின் கல்யாணத்தையும் வேலையையும் தீர்மானிக்கும் என்பதற்கு வானியலில் ஆதாரம் இல்லை. கேட்டால் இதை அமைதியாகச் சொல்லுங்கள். ஆனால் வீட்டில் ஜாதகம் பார்க்கும் பெற்றோரை வகுப்பில் சிறுமைப்படுத்த வேண்டாம், பிள்ளை நம்மை விட்டு விலகிவிடும். இன்னொரு கவனம்: கார்த்திகை, ரோகிணி, சித்திரை, கேட்டை எவை என்பதில் தகராறு இல்லை. ஆனால் 27இல் வேறு சில பெயர்கள் துல்லியமாக எந்த நட்சத்திரத்தைக் குறித்தன என்பதில் அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்விக்காதீர்கள்.

நிறத்தையும் தூரத்தையும் வேடனை வைத்தே சொல்லலாம். ஒரு தோளில் செந்நிறத் திருவாதிரை, எதிர்ப்பக்கக் காலில் நீலவெள்ளை ரைஜெல். கவ்வாத்துக் கத்தி அடிக்கும் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், இன்னும் காய்ந்தால் வெளிறும். சிவப்பு என்றால் சூடு குறைவு என்று பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஒளியாண்டு என்று வரைவிலக்கணமாகக் கொடுத்தால் ஒரு காதால் நுழைந்து மறுகாதால் போய்விடும். நான் அதை நம் சனத்தின் வயதோடு சேர்த்துச் சொல்வேன். வானத்தில் மிகப் பிரகாசமான சிரியஸின் தூரம் 8.6 ஒளியாண்டு, ஆகவே 14 வயதுப் பிள்ளை இன்று பார்க்கும் ஒளி, அது முதலாம் தரத்துக்குப் போன காலத்தில் புறப்பட்டது. மகம் ஏறத்தாழ 79 ஒளியாண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கிய காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளிதான் இப்போது நம் கண்ணில் விழுகிறது. சித்திரை சுமார் 250. அந்த ஒளி கிளம்பியபோது நம் ஆட்களில் ஒருவர்கூட மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடக்கத் தொடங்கவில்லை, இந்த மலைகளில் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் இல்லை. இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். எனக்குமே தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

திருவாதிரையின் தூரத்தை மட்டும் ஒற்றை எண்ணாகச் சொல்ல வேண்டாம். அளப்பதற்குக் கடினமான நட்சத்திரம் அது, 500 முதல் 700 ஒளியாண்டு வரை வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. 2019 கடைசியில் அது கண்ணுக்கே தெரியும்படி மங்கியபோது வெடிக்கப் போகிறது என்று பேச்சு எழுந்தது. அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததே காரணம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஒருநாள் வெடிக்கும் என்பது உறுதி. நாளையா, பல்லாயிரம் வருடம் கழித்தா என்று எவராலும் சொல்ல முடியாது. இதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். விஞ்ஞானத்தில் இன்னும் முடியாத வேலை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பகலிலும் வேலை உண்டு. 22 சென்ரிமீற்றர் உதைபந்து சூரியன் என்றால் புவி ஒரு கடுகு, அதைச் சுமார் 24 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூன் 700 மீற்றருக்கு அப்பால், உங்கள் பாடசாலையிலிருந்து கடைச் சந்தி வரை நடக்க வேண்டி வரலாம். அடுத்த நட்சத்திரம் 6,300 கிலோமீற்றரில், இலங்கையை நீளவாக்கில் 14, 15 தடவை அடுக்கிய தூரம். இன்னொன்று நிழல். ஏப்ரல் 7ஆம் திகதி வாக்கிலும் செப்டம்பர் 4, 5 வாக்கிலும் நண்பகல் 12.10ஐ ஒட்டிச் சூரியன் நம் உச்சிக்கு வரும். நேராக நட்ட தடிக்கு நிழல் இராது. அந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். பாதிப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், தடியை நட்டுப் பார்க்கட்டும். சூரியனை வெறுங்கண்ணாலோ, எக்ஸ்ரே படத்தாலோ, பைனாகுலராலோ பார்க்கக்கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். பைனாகுலர் ஒரு நொடியில் கண்ணைக் கெடுத்துவிடும்.

தொலைநோக்கிக்கு வருவோம். "300 மடங்கு பெரிதாக்கும்" என்று பெட்டியில் அச்சடித்த மலிவான கருவியை வாங்க வேண்டாம். தாங்கி ஆடும், உருவம் நடுங்கும், பத்துப் பிள்ளைகளில் இருவர்தான் எதையாவது பார்ப்பார்கள். நான் வேலை செய்த பாடசாலை ஒன்றுக்கு நன்கொடையாக வந்த தொலைநோக்கி, கெட்டுவிடும் என்ற பயத்தில் அலுமாரியில் பூட்டியே கிடந்தது. மூன்றாம் வருடம் திறந்தபோது வில்லைகள் முழுக்கப் பூஞ்சணம். ஒரு பிள்ளையும் அதில் நிலவைப் பார்க்கவில்லை. அது இன்றும் என் மனதை வருத்துகிறது. உங்கள் பணத்தில் 10x50 அல்லது 7x50 பைனாகுலர் இரண்டு வாங்குங்கள் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில்). நிலவின் குழிகள், ஆறுமீனில் கண்ணுக்குத் தெரியாத இன்னும் பல நட்சத்திரங்கள், வேடனின் வாளில் உள்ள ஒளிமுகில் எல்லாம் தெரியும். மதிலிலோ தூணிலோ அழுத்தி ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலவுகளும் தெரியும். நம் ஈரத்துக்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், கிழமைக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள். வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் போன்ற செயலி நல்லதுதான், ஆனால் கண்ணால் பார்த்த பின் சரிபார்க்க மட்டும். டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. பெரிய கருவியைப் பார்க்க வேண்டுமானால் மொரட்டுவ கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. கொழும்பில் கோளரங்கமும் உண்டு. தமிழில் விளக்கம் கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

இரவில் பிள்ளைகளைத் தங்க வைப்பதில் மிகக் கவனம் தேவை. சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்கள் இருக்கின்றன, தேயிலைக்குள்ளால் தனியே நடந்து வீடு போகும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோரும் வராமல் நான் ஒருநாளும் இரவு வகுப்பு வைத்ததில்லை. வைத்தாலும் ஏழேகாலுக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். மிச்சமெல்லாம் லயத்து வாசலிலிருந்து பார்க்கும் வீட்டு வேலை. அதைவிட நல்லது அதிகாலை. அம்மா அடுப்பு மூட்டும் 5 மணிக்குப் பிள்ளையும் வாசலுக்கு வந்து பத்து நிமிடம் பார்க்கட்டும். மழை விட்ட செப்டம்பர் விடியல்களில் வேடன் மேலே நிற்பான், பெப்ரவரி மாலையில் பார்க்கப் போவதை அப்போதே பார்த்துவிடலாம். ஜனவரி நடுவில் அதே நேரம் தெற்கே, அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்துக்கு மேல், தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் நேராக நிற்கும். சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறுபவர்கள் சூரிய உதயத்துக்காகக் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது போனால் உச்சியில் தெற்கே திரும்பிச் சிலுவையையும், வடக்கே திரும்பி, அடிவானம் தெளிவாக இருந்தால், துருவ நட்சத்திரத்தையும் பார்த்துவரச் சொல்லுங்கள். கீழே மலைகள் மறைக்கும் அந்த நட்சத்திரம் நம் பக்கத்தில் கிடைக்கக்கூடிய இடம் அது.

கடைசியாகக் கொப்பி. ஒரு பிள்ளைக்கு ஒரு கொப்பி: திகதி, நேரம், இடம், பார்த்தது. மேகம் மூடிய நாளில் பக்கத்தை வெறுமையாக விடாமல் "மேகம்" என்று எழுத வேண்டும். இரண்டு வருடம் இதைச் செய்தால் உங்கள் தோட்டத்தில் எந்த மாதம் எத்தனை இரவு வானம் திறக்கிறது என்பது பிள்ளைகளின் கையெழுத்திலேயே கிடைக்கும். உங்கள் பக்கத்துக்கு அப்படி ஒரு பதிவை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், டீச்சர்.